சிரிக்கிற ஷாட்

வலது கையை முடித்துவிட்டு ராமராஜன் இடது கைக்கு வந்திருந்தான். ஒரு ராத்திரி முழுக்க ஐஸ் பெட்டியில் இருந்த விரல்கள் விறைத்துக் கிடந்தன. ஒன்றை விட்டு ஒன்றைப் பிரித்துப் பிடிப்பதே பெரும் பாடாக இருந்தது. நகவெட்டியை வைத்து அழுத்தினால் வழுக்கிக்கொண்டு போனது. பெட்டியின் கண்ணாடி மூடியைத் தூக்கிப் பிடித்தபடி பக்கத்து வீட்டு டேனியல் நின்றிருந்தார். தச்சு வேலை செய்கிறவர், ராமராஜனின் செத்துப்போன அப்பா முனிரத்தினத்துக்குச் சின்ன வயதிலிருந்தே கூட்டாளி.

"மெதுவாப்பா. சதையில பட்டுடப் போவுது" என்றார் டேனியல்.

இனிமேல் அவருக்கு என்ன வலிக்கப்போகிறது என்று யாரும் கேட்கவில்லை. ராமராஜனும் மெதுவாகத்தான் வெட்டினான். ஒவ்வொரு நகமும் விரல் நுனியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது, ஓரத்தில் அரம் போட்டுக் கூராக்கி இருந்தது. நகத்துக்கு அடியில் சிவப்பு. எத்தனை சோப்புப் போட்டும் போகாத சிவப்பு. வெட்டிய துண்டுகள் விரித்து வைத்த பேப்பரில் விழ, அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

நகத்தை வெட்டச் சொன்னது காந்தா அத்தை. முனிரத்தினத்தின் ஒரே தங்கச்சி. தாமலிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவள், தெருமுனையிலேயே மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். வந்தவள் கண்ணாடி வழியாக அண்ணன் கையைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டாள்.

"இன்னாடா இது நகம். இதோட எப்படிடா அனுப்புவ எங்கண்ணன?"

சினிமாவுக்காக வளர்த்தது என்று யாரோ சொன்னார்கள். காஞ்சிபுரத்தில் பாதிப் பேருக்கு அது தெரிந்த சேதிதான். தாமல் ரோட்டில் மூடிக் கிடந்த ரைஸ் மில்லில் ரத்தக்காட்டேரிப் படம் ஒன்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் தண்ணி லாரி டிரைவர் முனிரத்தினம் கிழட்டு ரத்தக்காட்டேரியாக சவப்பெட்டிக்குள் படுத்து நடித்திருந்தார். படுத்தது வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்து கட்டிலில் சாய்ந்தவர், சாப்பிடக் கூப்பிட்டபோது எழவில்லை. மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள்.

காந்தாவுக்கு மாரடைப்பெல்லாம் ஒரு காரணமாகப் படவில்லை. ஐஸ் பெட்டியைக் கையால் தட்டினாள்.

"அன்னிக்கு ஒரு பொட்டி. இன்னிக்கு ஒரு பொட்டி. பொணமா நடிக்கிறவன சிரிக்க வெச்சித்தான் எழுப்பணும். சினிமாக்காரங்களே அதத்தான் செய்வாங்க, எனக்கே தெரியும். எங்கண்ணன சிரிக்க வெச்சீங்களாடா?"

கேள்வி ராமராஜனைப் பார்த்துத்தான். அவன் மோதிர விரலைப் பிடித்தபடி குனிந்திருந்தான். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவனுக்கே தெரியவில்லை.

பதில் தலைமாட்டிலிருந்து வந்தது. விடிந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்த கங்கையம்மாள், அவன் அம்மா, தலையைத் தூக்காமலேயே சொன்னாள்.

"சிரிச்சாரு காந்தா."

"நீ பாத்தியா அண்ணி?"

"போன்ல காட்டுனாங்க. பொட்டியிலயே உக்காந்துக்கினு, அந்தக் கோரப்பல்ல கழட்டி கையில வெச்சிக்கினு, நல்லா சிரிச்சாரு. ராமுதான் சிரிக்க வெச்சி எறக்கியிருக்கான்."

நகவெட்டி நின்றது. டேனியல் கையிலிருந்த கண்ணாடி மூடி லேசாக ஆடியது. ராமராஜன் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படி ஒரு வீடியோ கிடையாது. சிரிக்கிற ஷாட்டை எடுக்கவே இல்லை. வேண்டாம் என்று சொன்னவனே ராமராஜன்தான்.

அவனுக்குத் தொழில் என்று ஒன்றைச் சொல்ல முடியாது. கல்யாணத்துக்கு ஷாமியானா, கோயில் திருவிழாவுக்கு ஜெனரேட்டர், கட்சிக் கூட்டத்துக்கு நாற்காலி என்று யார் எதைக் கேட்டாலும் கொண்டுவந்து இறக்குவான். பிள்ளையார்பாளையத்து ஆனந்தகுமார் அவனோடு பள்ளிக்கூடம் போனவன். வீட்டில் தறி ஓட, இவன் மட்டும் சென்னைக்கு ஓடி அசோசியேட் டைரக்டர் ஆகியிருந்தான். ரைஸ் மில்லில் படம் எடுக்க வந்ததும் உள்ளூர் ஏற்பாடுகளுக்கு ராமராஜனைச் சேர்த்துவிட்டது அவன்தான். நன்றாகச் செய்தால் அடுத்த படத்துக்கு சென்னைக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று படக் கம்பெனி மேனேஜர் சொல்லியிருந்தார். ராமராஜன் தூங்கவில்லை, ஓடினான். ராமு, ராமு என்று செட்டு முழுக்க அவன் பேர்தான்.

ரைஸ் மில்லைப் பார்த்தால் அடையாளம் தெரியாது. நெல் காயப்போட்ட களத்தில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் கோட்டைச் சுவர் நின்றது, தொட்டால் கையில் மாவு ஒட்டும். குடைத்துணியை வெட்டி வௌவால் செய்து நைலான் நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஃபேன் போட்டால் பறக்கும். ரப்பர் சொல்யூஷனைக் காற்றில் ஊதி சிலந்தி வலை பின்னுவதற்கென்றே சென்னையிலிருந்து ஒருத்தர் வந்திருந்தார். ஜன்னல்களில் கம்பளி போட்டு அடைத்துப் பட்டப்பகலை ராத்திரியாக்கி இருந்தார்கள். சவப்பெட்டி டேனியல் செய்தது. ஊரில் கிறிஸ்தவ வீடுகளுக்கெல்லாம் பெட்டி செய்கிறவர், இதைச் செய்ய ரொம்ப யோசித்தார். பிறகு, நிஜப் பெட்டியின் அளவில் செய்யமாட்டேன் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். அகலமாக, ஒரு பக்கத்துப் பலகை தனியாகக் கழன்று வருகிற மாதிரி செய்தார். கேமரா அந்தப் பக்கமாக உள்ளே எட்டிப் பார்க்க வேண்டுமே. பெட்டிக்குள் விரித்த சாட்டின் துணி லைட்டில் பிளாஸ்டிக் மாதிரி மின்னியதால், ஆனந்தகுமார் வீட்டுக்கு ஓடிப்போய், சாயம் திட்டுத்திட்டாகப் பிடித்துவிட்டது என்று ஒதுக்கி வைத்திருந்த அரக்குப் பட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

முனிரத்தினம் செட்டுக்கு வந்தது மழைக்குத்தான். மழைக் காட்சிக்குத் தண்ணீர் வேண்டும் என்றதும் ராமராஜன் அப்பாவின் லாரியைச் சொல்லியிருந்தான். ஒட்டிய கன்னம், குழி விழுந்த கண், நெடுநெடு உயரம், நீள விரல். ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஹெட்லைட் வெளிச்சத்தில் அந்த முகத்தைப் பார்த்த டைரக்டர் அப்படியே நின்றுவிட்டார். ஹீரோ வயசாகி, நூறு வருஷம் பெட்டிக்குள் கிடந்து, கடைசியில் கண்ணைத் திறக்கிற மாதிரி ஒரு காட்சி. அந்த முகம் இதுதான் என்றார்.

"நானா? எனக்கு வசனம் எல்லாம் வராது சார்" என்று முனிரத்தினம் கை கூப்பினார்.

"பொணத்துக்கு என்ன வசனம்?" என்றார் டைரக்டர். எல்லாரும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் நகம் வெட்டவில்லை. கோரைப்பல்லுக்கு அச்சு எடுக்க, பல்செட் செய்கிறவர் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலிருந்து வந்தார். மேலே ஒரு பல் ஏற்கெனவே போயிருந்ததால் கோரைப்பல் நிற்கவில்லை. மறுபடி மறுபடி செய்தார்கள். வீட்டில் அவரால் சோறு பிசைந்து சாப்பிட முடியவில்லை, ஸ்பூன்தான். சட்டைப் பித்தான் போட முடியவில்லை. கங்கையம்மாள்தான் போட்டுவிடுவாள். கலியாணத்தப்போகூட இந்த மாதிரி நான் போட்டுவிட்டதில்ல என்று அவள் சலித்துக்கொள்வாள். அவர் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நிற்பார்.

வியாழக்கிழமை அவர் பெட்டிக்குள் படுத்தார். வாயோரத்தில் ரத்தம். சர்க்கரைப் பாகில் சிவப்புச் சாயமும் கொஞ்சம் காப்பித்தூளும் கலந்து காய்ச்சியது. நகத்திலும் அதைத் தடவினார்கள். புகை மெஷின் ஓடியது. ஒரு டேக்கில் புகை அதிகம், ஒரு டேக்கில் வௌவால் நூல் தெரிந்தது, ஒரு டேக்கில் மூடி கிறீச் என்று திறக்காமல் சும்மா திறந்தது. முனிரத்தினம் அசையவில்லை. கடைசியில் கட் சொல்லிக் கிட்டப் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பாகுக்கு எறும்பு வந்திருந்தது. கழுத்து முழுக்கக் கடித்துத் தடித்துக் கிடந்தது. ஏன் சொல்லலை என்று டைரக்டர் பதறினார். பொணம் எப்படி சார் சொல்லும் என்றார் முனிரத்தினம். யூனிட் மொத்தமும் கை தட்டியது. ராமராஜனும் தட்டினான். அவனுடைய அப்பாவுக்கு யாராவது கை தட்டி அவன் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அப்போது ஆனந்தகுமார் சொன்னான். "ராமு, சிரிக்கிற ஷாட் ஒண்ணு வெச்சிட்டு அப்பாவ எறக்கிடலாம்."

பிணமாக நடித்தவர்கள் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். படத்தில் அது வராது, வெட்டிப் போட்டுவிடுவார்கள். ஆனாலும், பிணமாகவே விட்டால் அது பலித்துவிடும் என்று பயந்து எடுப்பார்கள். சாதாரணமாக அதை எடுக்காமல் எந்தக் கேமராமேனும் நகரமாட்டான். முனிரத்தினத்துக்கு அது முன்னமே தெரிந்திருந்தது. பெட்டிக்குள்ளேயே எழுந்து உட்கார்ந்து, கோரைப்பல்லைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வாயைத் துடைத்துத் தயாராக இருந்தார். கோரைப்பல்லோடு சிரித்தால் நன்றாக இருக்காது என்று நினைத்திருப்பார்.

ஆனால் ஹீரோ சீக்கிரம் கிளம்ப வேண்டும். அதே பெட்டியில் அடுத்தது அவர் ஷாட். மேனேஜர் வாசலில் நின்றபடி ராமராஜனைப் பார்த்தார். அவ்வளவுதான்.

"நைனாவுக்கு இன்னும் பேட்ச் வொர்க் இருக்குதில்ல, அடுத்த ஷெட்யூல்ல மறுபடி படுக்கப் போறாரு. அப்ப சேத்து எடுத்துக்கலாம். எங்க நைனாதானே, எங்க போயிடப் போறாரு?" என்றான் ராமராஜன்.

மேனேஜர் தலையாட்டினார். லைட்டை நகர்த்த ஆரம்பித்துவிட்டார்கள். ஆனந்தகுமார் ஒரு நொடி நின்றான், பிறகு அவனும் போனான்.

"நான் சிரிக்கணுமேப்பா" என்றார் முனிரத்தினம், பெட்டிக்குள் இருந்தபடி.

"எறங்கு நைனா. ஹீரோ வராரு."

பலகையைக் கழற்றிக்கொண்டிருந்த டேனியலின் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் இறங்கினார். பல்லை வைத்திருந்த கையை மூடிக்கொண்டார்.

இடது சுண்டு விரல் மட்டும் பாக்கி இருந்தது. ராமராஜன் அதையும் வெட்டினான். பேப்பரை மடித்தான். எங்கே போடுவது என்று தெரியாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். காந்தா அடங்கியிருந்தாள். சிரிச்சிருக்கான், சிரிச்சிட்டுத்தான் எழுந்திருக்கான் என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒவ்வொரு தடவை அவள் அதைச் சொல்லும்போதும் ராமராஜனுக்கு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. அம்மாவுக்குப் பல் சங்கதி எப்படித் தெரியும்? பல்லைக் கழற்றிக் கையில் வைத்திருந்தது அங்கே இருந்தவர்களுக்குத்தானே தெரியும்?

பதினோரு மணி வெயிலில் யூனிட் வண்டி தெருவுக்குள் நுழைந்தது. மேளக்காரர்கள் நிறுத்திவிட்டு வழிவிட்டார்கள். ஆனந்தகுமார் ரோஜா மாலையோடு இறங்கினான். கூடவே கேமரா அசிஸ்டெண்டுகள், மேக்கப்காரர். மேனேஜர் வரவில்லை, சென்னையில் இருந்தார். மாலையைப் போட்டுவிட்டு ஆனந்தகுமார் ராமராஜன் தோளில் கை வைத்தான். அவன் கண் கலங்கியிருந்தது. அவன் என்ன நினைக்கிறான் என்பது ராமராஜனுக்குத் தெரியும், ராமராஜன் என்ன நினைக்கிறான் என்பது அவனுக்கும் தெரியும். ரெண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

திறந்தது காந்தாதான்.

"தம்பி, நீதான சினிமாக்காரரு? எங்கண்ணன் சிரிச்சத போன்ல வெச்சிக்கினு இருக்கியாமே. ஒருக்கா காட்டு. மண்ணுக்குள்ள பூட்டா எங்கடா பாப்பேன் அந்த மொகத்த."

ஆனந்தகுமாருக்குப் புரியவில்லை. "எந்தச் சிரிப்பும்மா?" என்று கேட்டேவிட்டான்.

சுற்றி இருந்தவர்கள் திரும்பினார்கள். ராமராஜன் தரையைப் பார்த்தான். சரி, முடிந்தது என்று நினைத்தான். ஒருவிதத்தில் அது முடிந்தால் தேவலை என்றும் இருந்தது. இந்த இடத்திலேயே, இத்தனை பேர் நடுவில், அத்தை அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினால் உலுக்கட்டும்.

கங்கையம்மாள் எழுந்தாள். விடிந்ததிலிருந்து முதல் தடவையாக அந்த இடத்தை விட்டு எழுந்தாள். ஆனந்தகுமாருக்கு நேராக வந்து நின்றாள்.

"அதான் தம்பி, எனக்குக் காமிச்சியே. பல்லக் கையில வெச்சிக்கினு சிரிச்சாரே. அது."

அவள் அவனையே பார்த்தாள். ஆனந்தகுமார் அவளைப் பார்த்தான், பிறகு ராமராஜனைப் பார்த்தான். கையிலிருந்த போனை மெதுவாகப் பைக்குள் போட்டான்.

"அதும்மா... அது என் போன் இல்ல. கேமராவுல எடுத்தது. எல்லாம் சென்னைக்குப் போயிடுச்சி. படம் முடியறவரைக்கும் யாருக்கும் தரமாட்டாங்க."

"போனா போவுது" என்றாள் காந்தா. "நீ பாத்தல்ல. அது போதும்."

"பாத்தேம்மா" என்றான் ஆனந்தகுமார். அதற்கப்புறம் அவன் நெடுநேரம் இருக்கவில்லை.

குளிப்பாட்ட வேண்டும், தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்கள். குடம் பின்கட்டில் இருந்தது. ராமராஜன் போனபோது கங்கையம்மாள் அங்கே இருந்தாள். குழாயைத் திறந்துவிட்டு, குடம் நிறைவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தோள் பக்கம் புடவை நழுவியிருந்தது, இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை.

"உனக்கு யாரும்மா போன்ல காட்டுனது?"

"யாரும் காட்டல."

"அப்புறம் பல்லக் கழட்டுனதெல்லாம்?"

"அன்னிக்கு வந்ததும் உங்க நைனா சொன்னாரு. பல்லக் கழட்டி கையில வெச்சிக்கினு உக்காந்துக்கினு இருந்தேன், பையன் எறங்கச் சொன்னான், எறங்கிட்டேன்னு."

குடம் நிறைந்து வழிந்தது. அவள் குழாயை மூடவில்லை.

"கோவமா சொன்னாராம்மா?"

"கோவமா? எல்லாரும் ராமு ராமுன்னு கூப்புடறாங்க, நான் இழுத்துக்கினு நின்னா அவன் பேரு கெட்டுப்பூடும்னாரு." கங்கையம்மாள் குழாயை மூடினாள். "வெள்ளிக்கெழம நான்தான் சொன்னேன், அதான் முடிஞ்சிடுச்சே, நகத்த வெட்டித் தொலைங்கன்னு. இன்னும் ஒருக்கா படுக்கணும், அன்னிக்கு நல்லா சிரிச்சிட்டு வந்து வெட்டிக்கறேன்னாரு."

ராமராஜன் சுவரில் கையை ஊன்றிக்கொண்டான். தெருவில் மேளம் மறுபடி ஆரம்பித்திருந்தது.

"அம்மா, நான் அத்தைகிட்ட சொல்லிடறேன்."

"இன்னா சொல்லுவ?"

அவன் சுவரிலிருந்து கையை எடுத்தான்.

"சொல்லிட்டு நீ படுத்துத் தூங்கிடுவ" என்றாள் கங்கையம்மாள். "அவ இருக்கற வரைக்கும் பொலம்பிக்கினு இருப்பா. தாமல்லேர்ந்து இங்க வரைக்கும் பெத்தவன முழுங்கினவன்னு உன் பேரு பூடும். நாளைக்கு உன் புள்ள காதுலயும் விழும். நான் எத்தினி பேரு வாய மூடுவேன்?" அவள் குரல் உயரவில்லை. "கொடத்த எடு. காத்துக்கினு இருக்காங்க."

அவன் குடத்தைத் தோளில் தூக்கினான். வழிந்த தண்ணீர் சட்டையெல்லாம் நனைத்தது. சட்டைப் பையில் இருந்த பேப்பரும் நனைந்தது.

அதன் பிறகு எல்லாம் அதனதன் போக்கில் நடந்தது. குளிப்பாட்டிப் புது வேட்டி கட்டினார்கள். நெற்றியில் காசு வைத்தார்கள். வாய்க்கரிசி போடும்போது காந்தா அண்ணன் கையைத் தூக்கி, வெட்டிய நகங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். இப்பத்தான் எங்கண்ணன் கை மாதிரி இருக்குது என்றாள். பூப்பல்லக்கில் வைத்துத் தூக்கினார்கள். தண்ணி லாரி டிரைவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். முன்னால் ரெண்டு லாரி ஹாரன் அடித்தபடி ஊர்ந்து போயின. ராமராஜன் நெருப்புச் சட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

குழியில் இறக்கியதும் முகத்துணியை விலக்கிக் கடைசியாகப் பார்க்கச் சொன்னார்கள். ராமராஜன் குனிந்தான். தாடையைக் கட்டியிருந்த துணியை அவிழ்த்திருந்தார்கள், வாய் ஒழுங்காக மூடியிருந்தது. அப்பா சிரித்தால் அந்த முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தான். லாரியில், வாசலில், கல்யாணத்தில், செட்டில், எங்கே வைத்துப் பார்த்தாலும் அந்த முகம் சிரிப்பதற்குச் சற்று முன்னாலேயே நின்றுவிட்டது. பின்னாலிருந்து யாரோ, மண் தள்ளுப்பா என்றார்கள். மூன்று கை அள்ளித் தள்ளினான். பேப்பரை எடுத்து அதையும் குழிக்குள் போட்டான். டேனியல் அதைப் பார்த்தார். மண்வெட்டியை வாங்கி, முதலில் அதன்மேல் மண்ணைத் தள்ளினார்.

பம்ப்செட்டில் குளித்து ஈர வேட்டியோடு வீட்டுக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. ஷாமியானாவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அது ராமராஜனுடைய சொந்த ஷாமியானா. ஐஸ் பெட்டி போய்விட்டிருந்தது. அது இருந்த இடத்தைக் கழுவிவிட்டு, நடுவில் விளக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். விளக்கைப் பார்த்துவிட்டு அவன் சுவரோரம் உட்கார்ந்தான். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். இடுகாட்டில் மொட்டை அடித்த தலையில் மின்விசிறிக் காற்று பட்டு ஒருமாதிரியாக இருந்தது. டேனியல் வீட்டிலிருந்து பெரிய தூக்கு நிறைய டீ வந்தது.

காந்தா நகர்ந்து நகர்ந்து அவன் பக்கத்தில் வந்தாள். காலையில் இருந்த வேகம் அவளிடம் இல்லை. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அவன் முழங்காலில் கை வைத்தாள்.

"அத்த காலையில இன்னான்னமோ கேட்டுட்டேன். மனசுல வெச்சிக்காதடா."

"இல்ல அத்த."

"நீ சொல்லுடா. எப்படி சிரிச்சான்? உங்கம்மா சொன்னா. ஆனா நீதான நேர்ல பாத்தவன்."

பேசிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பினார்கள். லாரி டிரைவர் ஒருவர் டம்ளரைக் கீழே வைத்தார். ராமராஜன் அம்மாவைத் தேடினான். கங்கையம்மாள் விளக்குக்கு அந்தப் பக்கம் குந்தி, தூக்கிலிருந்து டம்ளர்களில் டீயை ஊற்றிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்க்கவில்லை.

"ஷாட் முடிஞ்சதும்..." என்று ஆரம்பித்தான். "முடிஞ்சதும் எல்லாரும் கை தட்டுனாங்க அத்த. எழுந்து உக்காந்தாரு. பல்லக் கழட்டுனாரு. நான் போயி, நைனா, சிரிக்கணும்னேன்."

"ம்."

"மொதல்ல வெக்கப்பட்டாரு."

"படுவான். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். அப்புறம்?"

"அப்புறம் சிரிச்சாரு."

"எப்படிடா?"

ராமராஜன் தன் முழங்காலில் இருந்த அவள் கையைப் பார்த்தான். அவனுக்குத் தெரியாது. "நல்லா. நல்லாத்தான்..."

"சத்தம் வராதே அவனுக்கு" என்றாள் காந்தா. "தோளு மட்டும் குலுங்கும். கண்ணுல தண்ணி வந்துடும். அப்படியா?"

"ஆமா அத்த. தோளு குலுங்கிச்சி. கண்ணுல தண்ணி."

"அதான். அதேதான்" என்று காந்தா மற்றவர்களைப் பார்த்துச் சொன்னாள். அவள் முகம் அழுகைக்குள்ளேயே மலர்ந்தது. "தெருவுல எங்க நைனா வழுக்கி வுழுந்தாருன்னா இவன் ஓரமா நின்னு தோள குலுக்குவான், நான் சத்தமா சிரிச்சி ஒத வாங்குவேன்." ஆண்கள் பக்கத்தில் ஒருவர் சிரித்துவிட்டார். வேறொருவரும். "அப்புறம்? எறங்கும்போது இன்னா சொன்னான்?"

"பொட்டியில என்னை எறும்பு கடிச்சிடுச்சி, ஹீரோவ பாத்து படுக்கச் சொல்லுன்னாரு."

இப்போது எல்லாருமே சிரித்தார்கள். காந்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், அவள் தோள் குலுங்கியது. டேனியல் மட்டும் குனிந்து, தன் கட்டை விரலில் ஒட்டியிருந்த மண்ணைத் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம்?" என்றார் லாரி டிரைவர்.

ராமராஜன் சொன்னான். டைரக்டர் வந்து கை கொடுத்ததைச் சொன்னான், ஹீரோ தோளில் கை போட்டதைச் சொன்னான். ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. நிறுத்த நினைத்தாலும் யாராவது ஒருவர் அப்புறம் என்றார்கள்.

கங்கையம்மாள் டீ டம்ளர்களை ஒவ்வொருவருக்காகக் கொடுத்துக்கொண்டே வந்தாள். அவன் முன்னால் வந்து குனிந்து நீட்டினாள். அவன் பேசிக்கொண்டே கையை நீட்டி வாங்கினான். டம்ளர் ஆடி, டீ விளிம்பைத் தாண்டி அவள் விரலில் வழிந்தது. அவள் டம்ளரை விடவில்லை. அவன் கை நிற்கிறவரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.